ஜமக்காளத்தின் மறுமுனை

கோட்டைமேட்டுச் சந்தில் ஜபருல்லா பாய் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் பவானி ஜமக்காளம் விற்கிறார், விசேஷங்களுக்கு வாடகைக்கும் விடுகிறார். நான் பிளாஸ்டிக் நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விடுகிறேன். இந்தக் கதிரேசன் வந்துதான் பாயின் வாடகை வியாபாரம் படுத்துவிட்டது என்று சந்தில் பேசிக்கொள்வார்கள். பாய்க்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. யோகா வகுப்புக்காரர்கள் மொத்தமாக வாங்கிப் போகிறார்கள், மகன் ரைஹான் துபாயிலிருந்து பணம் அனுப்புகிறான், மனிதர் நிம்மதியாக இருக்கிறார். காலையில் கடை திறந்ததும் எனக்கும் சேர்த்தே டீ சொல்வார். தங்கமான மனிதர். ஒரே ஒரு கோளாறுதான், அவருக்கு இல்லை என்று சொல்ல வராது.

கொடுக்கல் வாங்கலில் அல்ல, பேச்சில். எதிரில் நிற்பவர் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து "இருக்குமுங்க" என்பார். இந்த வருஷம் மழை கம்மி என்றால் இருக்குமுங்க. அடுத்த ஆள் வந்து மழை ஜாஸ்தி என்றால் அதற்கும் இருக்குமுங்க. எங்கள் பக்கத்தில் இது மரியாதை. படியேறி வந்தவரை முகத்துக்கு நேராக மறுத்துப் பேசக்கூடாது என்றுதான் நானும் வளர்ந்தேன். ஆனால் எதற்கும் ஓர் அளவு வேண்டாமா? பாயின் இருக்குமுங்க ஒரு சரித்திர நாவலுக்குள்ளேயே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

நாவலை எழுதியவர் தம்பிதுரை. தாராபுரம் பக்கத்தில் பெரிய பண்ணை, கோவையில் நூல் மில். மில்லைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் காலையில் காரை ஒப்பணக்காரவீதியிலேயே நிறுத்திவிட்டு, சந்துக்குள் விசாரித்துக்கொண்டே நடந்து வந்து பாய் கடைப் படியில் ஏறினார். எழுபதுகளின் கடைசியில் அவருடைய அத்தை கல்யாணம் ஊரில் நடந்ததாம். பந்தலில் விரித்த ஜமக்காளம் இந்தக் கடையிலிருந்து போனதாம். ஓரத்தில் கடையின் பெயர் நெய்திருந்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்த எழுத்துகளின் மேல் தலைவைத்துத்தான் தூங்கினேன் என்றார். அப்போது அவர் சின்னப் பையன்.

அந்தத் தூக்கம்தான் அவருடைய துக்கமே. முகூர்த்தம் முடிந்த மத்தியானம் அந்தப் பந்தலில் ஒரு கச்சேரி. தாராபுரத்துச் சென்னியம்மாள் ஆர்மோனியம் வைத்துக்கொண்டு பாடுவார், அந்த வட்டாரத்தில் பேர் போன குரல். அன்றைக்கு அவர் ஒரு பாட்டுப் பாடினார், அதைப் போல முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை என்று தம்பிதுரை வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சொல்வார்களாம். என்ன பாட்டு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்த வருஷத்திலேயே சென்னியம்மாள் நோய் கண்டு இறந்துபோனார். பக்கத்திலேயே படுத்திருந்தும் கேட்காமல் போனேனே என்ற ஏக்கத்தில் தம்பிதுரை நாவல் எழுதத் தொடங்கிவிட்டார். அமராவதிக் கரையில் ஒரு பாளையக்காரர் சபையில் பிறந்த மெட்டு, கைமாறிக் கைமாறிச் சென்னியம்மாள் வாயில் வந்து முடிகிற கதை. 'ஆன்பொருநைப் பண்' என்று பெயர், ஆன்பொருநை என்பது அமராவதியின் பழைய பெயராம். முழுப் பெயரும் நாக்கில் தடுக்காமல் வர எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அவருக்குத் தேவைப்பட்டது பாட்டைக் கேட்ட ஒரு சாட்சி. ஜமக்காளம் வாடகைக்கு விடுகிறவன் கடைசி ஆள் எழுந்து போகிறவரைக்கும் பந்தலில் இருந்தாக வேண்டும். எந்தக் கச்சேரிக்கும் கடைசி ரசிகன் அவன்தான். அன்றைக்குத் தன் அத்தாவுக்குப் பதிலாகப் போய் இருந்தவர் ஜபருல்லா, அப்போதுதான் மீசை அரும்பிய வயது. இதைக் கேட்டதும் தம்பிதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்கத்தில் தன் காதில் விழுந்திருக்கும் என்று நம்பிய ஒரு மெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு முனகிக் காட்டினார். பிறகு பாயின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இப்படித்தானுங்களே பாய் இருந்துச்சு?"

"இருக்குமுங்க" என்றார் பாய்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த இருக்குமுங்கவுக்கு 'டீ குடிங்க' என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதே மண்ணில் பிறந்த தம்பிதுரைக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை. ஆசைப்பட்டவர் காதில் எது விழுந்தாலும் ஆசைப்பட்டதாகத்தான் விழும் போலிருக்கிறது.

நாவல் வெளிவந்தது. கடைசி அத்தியாயத்தில் 'ஜமக்காளம் பாய்' என்று ஒருவர் பந்தல் காலில் சாய்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டே சென்னியம்மாளின் பாட்டைக் கேட்கிறார். வெளியீட்டு விழாவில் நம் பாயை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். ஒரு புல்லாங்குழல்காரர் தம்பிதுரை முனகிய மெட்டை அழகாக வாசித்தார். பாய் நிஜமாகவே அழுதார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம்.

அப்புறம் கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கல்லூரிப் பிள்ளைகள், இசை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டவர்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டவர்கள். அந்த மெட்டைப் பாடிக் காட்டுங்கள் என்பார்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவதா? பாய் முனகிக் காட்டுவார். முதலில் தயங்கித் தயங்கி முனகினார், போகப் போக நன்றாகவே வந்தது. தம்பிதுரை அய்யா விட்ட இடத்தில் பாய் ஒரு சுழிப்புச் சேர்த்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம்.

ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நேராகவே கேட்டேன், பாய், அந்தம்மா பாடியதை நீங்கள் கேட்டீர்களா இல்லையா என்று. அவர் ஜமக்காளத்தின் குஞ்சத்தைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"தெரியலீங்க கதிரேசு. மொதல்ல தெரியலைங்கறதாவது தெரிஞ்சுது. இப்ப அதுவும் தெரியலை."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணை மூடினால் பந்தல் வருகிறதாம், ஆர்மோனியம் வருகிறதாம், சென்னியம்மாளின் கட்டம் போட்ட சேலை வருகிறதாம். அந்தம்மா வாயைத் திறந்தால் மட்டும் புல்லாங்குழல் சத்தம் வருகிறதாம். அது அன்றைக்கு நடந்ததா, விழா மேடையில் நடந்ததா, புத்தகத்தில் நடந்ததா என்று பிரிக்க முடியவில்லை. தொழுகையில் நிற்கும்போதுகூட அந்த மெட்டு உள்ளே ஓடுகிறது என்று கூச்சத்தோடு சொன்னார். சிவப்பு ஜமக்காளம் கேட்டவருக்குப் பச்சையைக் கட்டிக் கொடுத்தார். ஆர்டரை இரண்டு முறை எழுதினார், ஒன்றை எழுதவே இல்லை.

கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. மனைவி மெஹராஜ் அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்தால் சத்தம் கடை வரைக்கும் கேட்கும். மெஹராஜ் அக்கா இந்தக் கூத்தை ஆரம்பத்திலிருந்தே ஒப்பவில்லை. அந்தம்மா பாடவே இல்லை என்று கல்யாணமான புதிதில் நீங்கள்தானே என்னிடம் சொன்னீர்கள், இப்போது ஊரெல்லாம் பாடினார் என்கிறீர்களே என்று ஒருநாள் என் காதுபடக் கேட்டுவிட்டார். பாய் மலங்க மலங்க விழித்தார். பிறகு தலையைச் சாய்த்து "இருக்கும் மெஹராஜ்" என்றார். கட்டிய மனைவிக்கும் அதே பதில்தான். அக்கா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய் மெஷினை ஓட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. தம்பிதுரையிடம் போய் உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் என்றேன். எந்த உண்மையைச் சொல்வது என்று கேட்டார். சரி, ஒரு பாட்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் விட்டுவிட்டேன். கலாமணி வந்த அன்றுதான் யாருக்கு நஷ்டம் என்று தெரிந்தது.

மத்தியானத் தொழுகை முடிந்து பாய் வந்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் கடையில்தான் இருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கைப்பையோடு படியில் நின்று, ஜமக்காளம் பாய் என்கிறவர் நீங்கள்தானா என்று கேட்டார். பஞ்சு தூசி படிந்த தலைமுடி. கருமத்தம்பட்டியில் விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறோம், பெயர் கலாமணி என்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. நின்றபடியே தான் சென்னியம்மாளின் மகள் என்றார்.

பாய் எழுந்துவிட்டார்.

அம்மா இறந்தபோது கலாமணி தவழ்ந்து எழுந்த குழந்தை. முகம் ஞாபகமில்லை, ஒரு போட்டோவும் இல்லை. அப்பாவின் அக்கா வீட்டில் வளர்ந்திருக்கிறார். அந்த அத்தை சோறு போட்டார், கூடவே ஒரு சொல்லையும் போட்டுக்கொண்டே இருந்தார். நாவலை இவருடைய மகள் படித்துவிட்டு வந்து, பாட்டியைப் பற்றிப் புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்ன பிறகு இவருக்குத் தூக்கம் போய்விட்டது. தம்பிதுரையிடம் பேசினீர்களா என்று கேட்டேன். போனில் பேசினேன், அவர்தான் இந்தக் கடையைச் சொன்னார் என்றார். பிறகு பாய் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சல்ல கெடந்த புள்ளையப் போட்டுட்டுப் பாடப் போனவ மகதானேன்னு சொல்லிச் சொல்லியே எங்கத்தை என்னை வளத்துச்சுங்க. என்னை விட்டுட்டுப் போயி அப்படி என்னதான் பாடுனாங்கன்னு எனக்குத் தெரியணுமுங்க. நல்ல பாட்டா இருந்தா மன்னிச்சிரலாமுங்க."

குரல் உயரவே இல்லை. பாயைப் பார்த்தேன். வந்தவர் போனவருக்கெல்லாம் முனகிக் காட்டிய மனிதர், இப்போது வாயைத் திறந்து மூடினார். இந்த நேரத்திலாவது அந்தக் கர்மம் பிடித்த மெட்டைப் பாடித் தொலையுங்களேன், அந்தப் பெண் மனசு ஆறட்டுமே என்று எனக்கு இருந்தது. அதே சமயம், பாடிவிடப் போகிறாரே என்று பயமாகவும் இருந்தது.

குழப்பம் வந்தால் பாய்க்குக் கை சும்மா இருக்காது. சரக்கை இழுத்துப் போடுவார். அன்றைக்கும், வாடிக்கையாளர் வந்தது போல, அலமாரியிலிருந்து பெரிய பந்தல் ஜமக்காளம் ஒன்றை இழுத்துக் கடை முழுக்க விரித்துவிட்டார். ஏன் விரித்தோம் என்று அவருக்கே தெரியாமல் அதன் நடுவில் நின்றார். கலாமணி ஒதுங்க இடமில்லாமல் படி ஓரமாக நகர்ந்தார். பிறகு பாய் வெட்கப்பட்டு, மன்னியுங்கள் அம்மணி என்று சொல்லி மடிக்கக் குனிந்தார். பந்தல் ஜமக்காளத்தை ஓர் ஆள் மடிக்க முடியாது. மறுமுனையை வழக்கமாக நான்தான் பிடிப்பேன். நான் எழுவதற்குள் கலாமணி பையைக் கீழே வைத்துவிட்டு அந்த முனையைப் பிடித்துவிட்டார். தறிவீட்டுக்காரர், துணி கீழே கிடந்தால் கை தானாகப் போகும்.

இரண்டு பேரும் உதறினார்கள். நீளவாக்கில் ஒன்றாக மடித்தார்கள். பிறகு முனையை முனையோடு சேர்க்க, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். கை கிட்டத்தில் வந்ததும் எதிரில் இருப்பவர் கொடுக்கும் முனைகளை பாய் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் வாங்கவில்லை. கலாமணியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்படித்தானுங்க புடிச்சுக்கிட்டு வந்தாங்க" என்றார்.

யார் என்று கலாமணி கேட்டார். பாய் பதில் சொல்லத் தொடங்கினார். திக்கித் திக்கித்தான் சொன்னார், நான் கோத்துச் சொல்கிறேன்.

கச்சேரி தொடங்க வேண்டிய நேரத்தில் கல்யாண வீட்டில் ஒரு தப்பு நடந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமனை "சாப்பிட வாங்க" என்று யாரும் கூப்பிடவில்லை. அவர் கூப்பிட்டிருப்பார் என்று இவரும், இவர் கூப்பிட்டிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். ஒரு 'வாங்க' விட்டுப்போனால் எங்கள் பக்கத்தில் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார். பாதிப் பந்தல் அவரைச் சமாதானப்படுத்த ஓடியது, மீதிப் பந்தல் சமாதானத்தை வேடிக்கை பார்க்க ஓடியது. ஜமக்காளத்தின் மேல் மிஞ்சியது ஆர்மோனியத்தோடு சென்னியம்மாளும், எழுத்தின்மேல் தலைவைத்துத் தூங்கிய ஒரு பையனும், பந்தல் காலோரம் ஜபருல்லாவும்தான். வெயில் சாயும்வரை ஒருவரும் திரும்பவில்லை. சென்னியம்மாள் ஆர்மோனியத்தைத் திறந்து ஒன்றிரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார், மூடி வைத்தார். அடிக்கொரு தரம் எழுந்து ரோட்டைப் பார்த்தார். தாராபுரம் வழியாகப் போகிற வண்டி, ஜமக்காளம் ஏற்றி வந்த வண்டி ஒன்றுதான், ஜமக்காளத்தை மடித்து ஏற்றாமல் அது கிளம்பாது.

மாமன் சமாதானமாகித் திரும்பியபோது பந்தலில் பாடகி இல்லை, ஜமக்காளமும் இல்லை, ஓரத்தில் மாற்றிப் படுக்கவைத்த பையன் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தான். பாட்டு எப்படி என்று ஒருவரை ஒருவர் கேட்டிருப்பார்கள். தான் கேட்கவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அடடா, அப்படி ஒரு பாட்டை இதுவரை கேட்டதில்லீங்க என்றுதான் ஒவ்வொருவரும் சொல்லியிருப்பார்கள். இந்தக் கடைசி யூகம் என்னுடையது, என் இனத்தை எனக்குத் தெரியும்.

"பாடலீங்க அம்மணி" என்றார் பாய். "உங்கம்மா அன்னைக்குப் பாடவே இல்லீங்க. கொழந்தைக்குக் காய்ச்சல், வெசையா மடிங்க தம்பின்னு சொல்லி அவங்களே இந்த முனையப் புடிச்சாங்க. மடிச்சுப்போட்டு மொத ஆளா வண்டியில ஏறி உக்காந்துட்டாங்க."

அவர் வாயிலிருந்து 'இல்லை' வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் தம்பிதுரையிடமும் இதே கதையைச் சொல்லியிருக்கிறார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்குமுங்க பாய்" என்றாராம். அது கிடக்கட்டும்.

கலாமணி அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாயின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நெசமாங்களா? நான் கேட்டு வந்துட்டேன்னு எனக்காகச் சொல்றீங்களா?"

பாய் திகைத்துப் போனார். நியாயமான கேள்விதான். காய்ச்சல் என்ற சொல்லைக் கலாமணியே சற்று முன்னால் எடுத்துக் கொடுத்திருந்தார். வந்தவர் முகம் பார்த்தே ஆயுள் முழுக்கப் பேசிய மனிதரின் உண்மையை எதை வைத்து நம்புவது? நானே ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். பாய்க்கும் சந்தேகம் வந்துவிட்டது, அதை அவர் முகத்திலேயே பார்த்தேன். புல்லாங்குழல் நுழைந்த மாதிரி இதுவும் இப்போதுதான் உள்ளே நுழைந்ததோ என்று தடுமாறினார்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றது. ஆள் வந்திருக்கும் அரவம் கேட்டு மெஹராஜ் அக்கா டீத் தட்டோடு வந்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. பாய் அவரைப் பார்த்து, கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"மெஹராஜ், அந்தத் தாராபுரத்தம்மா ஜமக்காளம் மடிக்கறப்ப என்ன சொன்னாங்கன்னு நான் உங்கிட்டச் சொன்னேன்?"

மறுபடியும் அந்தப் பாட்டுக் கதையா என்று அக்காவுக்குச் சலிப்பு. தட்டைப் பிடித்தபடியே சொன்னார்.

"கொழந்தைக்குக் காய்ச்சல்னு அவசரப்படுத்துனாங்கன்னு சொன்னீங்க. நீங்கதான் மறந்துட்டீங்க, நான் மறக்கலீங்க. நம்ம ரைஹானுக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் அந்தக் கொழந்தைக்கும் சேத்துத்தான் துஆ கேட்டிருக்கேன். பொழச்சுதோ என்னமோ, அதுகூட நமக்குத் தெரியாது."

சந்தில் ஒரு ஸ்கூட்டர் போனது. கலாமணி தன் கையிலிருந்த முனையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

"பொழச்சுட்டனுங்க அக்கா" என்றார்.